பழைய இயந்திரத்தோடு ஒரு சீட்டும் போக வேண்டும்

வளைந்த மர மூடி போட்ட பழைய கைத்தையல் இயந்திரத்தை, மூடியின் மேலுள்ள கைப்பிடியை மட்டும் பிடித்துத் தூக்கக் கூடாது என்பதை நான் ஒரு மாடிப்படியில் கற்றுக்கொண்டேன். சாவியைத் திருப்பிப் பார்த்திருந்தேன்; பூட்டு விழுந்த ஓசையும் கேட்டது. ஆனால் பல பத்தாண்டுகளாகத் தேய்ந்துபோன அந்தப் பூட்டின் நாக்கு, 10 கிலோவுக்கு மேற்பட்ட எடையைத் தாங்கும் நிலையில் இல்லை. மூன்றாவது படியில் மூடி மட்டும் என் கையில் நின்றுவிட, இயந்திரம் கீழே விழுந்தது. அதன் அடித்தட்டின் ஒரு மூலை உடைந்து தனியே உருண்டது. தகரமாக இருந்தால் நெளிந்திருக்கும். வார்ப்பிரும்பு நெளியாது, உடையும்.

அதை எனக்குக் கொடுத்தவர் வயதான ஒரு பெண்மணி. தம் பிள்ளைகள் சிறுவர்களாக இருந்தபோது அவர்களுக்கான உடைகளை அதில்தான் தைத்ததாகச் சொன்னார். அவர் விலை பேசவில்லை. ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "தைக்கிறவங்க கைக்குப் போகணும் தம்பி. அலமாரியில வச்சு அழகு பார்க்கிறவங்களுக்கு வேண்டாம்." அந்தச் சொல்லைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வந்த அரை மணி நேரத்துக்குள், அவர் இத்தனை காலம் காத்துவந்த பொருளின் மூலையை உடைத்துவிட்டேன் என்ற வருத்தம் பல நாட்கள் என்னை விடவில்லை. பழைய பொருள்களை வாங்கிச் சீர்செய்து, தேவைப்படுகிறவர்களிடம் சேர்க்கும் வேலையை அதற்கு முன்பே தொடங்கியிருந்தேன். ஆனால் அதை எவ்வளவு கவனத்தோடு செய்ய வேண்டும் என்று அந்த இயந்திரம்தான் எனக்குக் கற்பித்தது. அதன் பின் இவ்வகை இயந்திரங்களைத் தூக்கும்போது ஒரு கையை அடிப்பலகையின் கீழே கொடுக்கிறேன். மூடியையும் பலகையையும் சேர்த்து ஒரு பட்டையால் கட்டிவிடுகிறேன். மேசையில் பொருத்திய இயந்திரமாக இருந்தால், பின்புறக் கீல்களில் உள்ள இரண்டு திருகாணிகளைத் தளர்த்தித் தலையைத் தனியாகக் கழற்றிய பிறகே மேசையை நகர்த்துகிறேன்.

பழைய தையல் இயந்திரம் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் வண்ணத்தையும் பொன்னிறச் சித்திரங்களையும் பார்க்கிறார்கள். நான் முதலில் கேட்பது ஊசியைப் பற்றி. சிங்கர் நிறுவனத்தின் 15, 66, 99, 201 போன்ற மாதிரிகள் எவ்வளவு பழையவையானாலும், இன்றைய வீட்டுத் தையல் இயந்திரங்களுக்கு விற்கப்படும் அதே 15×1 வகை ஊசியையே ஏற்கின்றன. 130/705 என்ற எண்ணில் விற்பதும் அதே வகைதான். ஆனால் 1865 இல் வெளிவந்த 12 ஆம் மாதிரி, உருண்டை அடிப்பகுதி கொண்ட வேறொரு ஊசியைக் கேட்கும். அது இப்போது எளிதில் கிடைப்பதில்லை. அத்தகைய ஓர் இயந்திரத்தை அழகுக்கு மயங்கி ஒருமுறை வாங்கினேன். அதன் பாகங்கள் எல்லாம் வழுவழுப்பாக ஓடின. ஆயினும் ஊசி இல்லாமையால் ஒரு தையல்கூடப் போட முடியவில்லை. தைக்க விரும்புகிறவருக்கு அதைக் கொடுப்பதில் பொருளில்லை என்பதால், பழைய இயந்திரங்களைச் சேகரிக்கும் ஒருவரிடம், ஊசி இல்லை என்று சொல்லியே கொடுத்தேன். ஊசியைப் போலவே அடிநூல் சுற்றும் பாபினையும் பார்க்க வேண்டும்: 15 ஆம் வகை பாபினும் 66 ஆம் வகை பாபினும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் ஒன்றுக்கு மற்றொன்று சேராது. தோட்டா வடிவ ஷட்டில் (அடிநூலைச் சுமந்து ஓடும் சிறு உறை) கொண்ட 27, 127, 28, 128 மாதிரிகளில் ஷட்டிலும் அதனுள் செல்லும் நீண்ட பாபினும் உண்மையில் உள்ளே இருக்கின்றனவா என்று நகரும் தட்டை விலக்கிப் பார்த்துவிட வேண்டும். பல வீடுகளில் அவைதான் முதலில் தொலைந்துபோகின்றன.

இயந்திரத்தின் வயதை அறிய, அடித்தட்டின் வலப்பக்கத்தில் பொறித்திருக்கும் தொடர் எண் போதும். சிங்கர் நிறுவனம் தன் எண்களைப் பதிவேட்டில் முறையாக எழுதிவைத்திருந்ததால், எந்தத் தொடர் எந்த ஆண்டுக்குரியது என்ற பட்டியல்கள் இன்று எவருக்கும் கிடைக்கின்றன. மாதிரி எண்ணுக்குப் பின் வரும் 'கே' என்ற எழுத்து, அது ஸ்காட்லாந்தின் கிளைடுபேங்கில் இருந்த கில்போவி தொழிற்சாலையில் செய்யப்பட்டது என்பதைக் காட்டும். அந்தத் தொழிற்சாலை 1980 இல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் அங்கே செய்த இயந்திரங்கள் உலகெங்கும் இன்னும் தைத்துக்கொண்டிருக்கின்றன. "நூற்றைம்பது வருடப் பழமை" என்று ஒருவர் எனக்கு விற்க முயன்ற இயந்திரத்தின் எண்ணைப் பார்த்தபோது, அது அவர் சொன்ன வயதில் பாதிகூட இல்லை என்று தெரிந்தது. அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அவரிடம் யாரோ அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். வாய்மொழி வரலாறு கைமாறக் கைமாற வளர்கிறது. பொறித்த எண் வளராது.

கைச்சக்கரம் சுழலவில்லை என்றால் இயந்திரம் பழுதடைந்துவிட்டது என்று பலர் முடிவுகட்டிப் பழைய இரும்பின் விலைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். நான் பார்த்தவரையில் அப்படி இறுகிப்போனவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டே காரணங்கள்தான். ஒன்று, ஷட்டில் ஓடும் பாதையில் அறுந்த நூல் சிக்கி அழுந்திக் கிடப்பது. மற்றொன்று, ஆண்டுக்கணக்கில் உள்ளே நின்ற எண்ணெய் காய்ந்து பழுப்பு நிற அரக்குப் பூச்சாக மாறியிருப்பது. சமையல் எண்ணெயை விட்ட இயந்திரங்களில் இது மிக விரைவில் நேர்கிறது. இரண்டில் எதுவானாலும் சக்கரத்தை வலிந்து திருகக் கூடாது. நூலைச் சாமணத்தால் எடுத்துவிட்டு, ஒவ்வொரு மூட்டிலும் சிறிது மண்ணெண்ணெய் விட்டு, கூந்தல் உலர்த்தும் கருவியால் மிதமாகச் சூடுபடுத்தி, ஒரு நாள் விட்டுவைத்து, மறுநாள் சக்கரத்தை முன்னும் பின்னும் ஒரு விரல் அளவுக்கு அசைத்துப் பார்ப்பேன். ஒரு நெல்மணி அளவு அசைவு கிடைத்தால் போதும். மீதி தானாக வரும். மண்ணெண்ணெய் அழுக்கை இளக்குமே தவிர, உலோகத்தை உராய்விலிருந்து காக்காது. ஆகவே மூட்டுகள் விடுபட்டதும் அதைத் துடைத்தெடுத்து, தையல் இயந்திரத்துக்கென்று விற்கப்படும் நிறமற்ற எண்ணெயை விட வேண்டும். ஒரு முறை, நான்கு நாட்கள் பொறுத்து ஐந்தாம் நாள் சுழன்ற ஓர் இயந்திரத்தின் ஓசையைக் கேட்ட மகிழ்ச்சியில், வெறும் காகிதத்தில் ஊசித் துளைகளாக வரிவரியாகத் தைத்துக்கொண்டே இருந்தேன்.

துடைப்பதைப் பற்றி ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும், ஏனெனில் இதில் நான் செய்த தவற்றைத் திருத்த முடியவில்லை. பழைய கறுப்பு இயந்திரங்களின் பொன்னிறச் சித்திரங்களுக்கு மேல் அவலரக்குப் (ஷெல்லாக்) பூச்சு இருக்கும். அது ஸ்பிரிட்டில் கரையும். இது தெரியாமல், தட்டச்சுப் பொறியின் எழுத்துக் கம்பிகளைச் சுத்தம் செய்த அதே ஸ்பிரிட்டைத் துணியில் நனைத்து ஓர் இயந்திரத்தின் கையைத் துடைத்தேன். கண்ணெதிரே பூச்சு பாலேடு போல வெளுத்து, சித்திரம் துணியோடு வந்துவிட்டது. தட்டச்சுப் பொறியில் அது சரியான முறைதான்: எழுத்துக் கம்பிகள் விசிறிபோல் நிற்கும் பள்ளங்களில் எண்ணெய் விட்டால் தூசி ஒட்டி எழுத்துகள் எழும்பாமல் போகும், அங்கே ஸ்பிரிட்டால் கழுவி உலரவிடுவதே நல்லது. ஒரு பொருளுக்கு மருந்தாவது அடுத்த பொருளுக்கு நஞ்சாகிறது. இப்போது கறுப்பு இயந்திரங்களைத் தையல் எண்ணெய் தொட்ட பருத்தித் துணியால் மட்டுமே துடைக்கிறேன். அதையும் முதலில் அடித்தட்டின் கண்ணுக்குப் படாத ஓரத்தில் சோதித்துப் பார்த்த பிறகுதான்.

எதையும் கழற்றும் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கைச்சக்கரத்தின் நடுவில் உள்ள குமிழைத் திருகி எடுத்தால் காதுகள் கொண்ட ஒரு வாஷர் வரும். அதைத் திருப்பிப் போட்டுவிட்டால், பாபினில் நூல் சுற்றும்போது ஊசியை நிறுத்த முடியாது, அல்லது சக்கரம் பிடிக்காது. இரண்டு மாலைப்பொழுதுகளை அந்த ஒரு வாஷருக்காகச் செலவழித்தேன். ஊசியை எந்தப் பக்கம் வைத்து எந்தப் பக்கமிருந்து கோப்பது என்பதும் மாதிரிக்கு மாதிரி மாறும். அதற்கு மட்டும் எளிய வழி உண்டு: ஊசியின் நீண்ட பள்ளம் உள்ள பக்கத்திலிருந்துதான் நூல் நுழையும், தட்டையான பக்கம், நூலைப் பிடிக்கும் கொக்கியை நோக்கி நிற்கும். தையல் விழவில்லை என்று என்னிடம் வந்த இயந்திரங்களில் பலவற்றுக்கு, ஊசியைத் திருப்பி வைத்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை.

மின்சாரத்தில் ஓடும் பொருள்களுக்கு வேறொரு மனநிலை தேவை. கையால் சுழலும் இயந்திரம் பழுதானால் நின்றுவிடும். மின்பொருள் பழுதானால் ஆளைத் தாக்கும். பழைய கம்பிகளின் ரப்பர் உறை காலத்தால் விறைத்து, வளைத்ததும் பொடியாக உதிரும். வெளியே பார்க்கும் இடத்தில் நன்றாக இருந்தாலும், பொருளுக்குள் நுழையும் இடத்தில் பெரும்பாலும் உதிர்ந்திருக்கும். ஆகவே நான் வாங்கும் எந்தப் பழைய மின்பொருளையும் செருகிப் பார்ப்பதற்கு முன், மூடியைத் திறந்து அந்த இடத்தைப் பார்க்கிறேன்; ஐயம் இருந்தால் கம்பியை மாற்றிவிட்டு, உலோக உடலுக்கும் மின்கம்பிக்கும் இடையே உள்ள காப்புத் தடையை 500 வோல்ட் மெக்கர் என்னும் அளவுக்கருவியால் அளக்கச் செய்கிறேன். 1 மெகா ஓமுக்குக் குறைந்தால் அந்தப் பொருள் என் வீட்டைவிட்டு யாரிடமும் போகாது. சில பழைய மின்மிதிகளுக்குள் இருக்கும் சிறு கெபாசிட்டர் (மின்னூட்டத்தைச் சேமிக்கும் பாகம்) கெட்டுவிட்டால், யாரும் மிதிக்காமலே தையல் இயந்திரம் ஓடத் தொடங்கும். ஊசிக்கருகில் ஒரு குழந்தையின் விரல் இருந்தால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். மிதியைத் திறந்து பார்க்காமல் இருக்க மனம் வராது. மின்விசிறி மெதுவாகச் சுழல்வது மட்டும் கவலைக்குரியதன்று: பெரும்பாலும் கெபாசிட்டர் வலுவிழந்திருக்கும், அல்லது அச்சைத் தாங்கும் புஷ் உலர்ந்திருக்கும்.

குளிர்சாதனப் பெட்டியைப் பார்க்கப் போகும்போது, நான் வருவதற்கு முந்தைய நாளே அதை ஓடவிட்டு வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அப்போதுதான் போட்டதென்றால், அது சில்லென்று ஆவதை மட்டுமே காண முடியும்; குளிரைத் தக்கவைக்கிறதா, கம்ப்ரெஸர் இடையில் ஓய்வெடுக்கிறதா என்று தெரியாது. உள்ளே ஒரு குவளைத் தண்ணீரில் வைத்த வெப்பமானி 5 டிகிரிக்குக் கீழேயும், உறைபெட்டி மைனஸ் 18 அளவிலும் நின்றால் நிறைவு. கதவின் ஓரத்து ரப்பர் பட்டையான காஸ்கெட்டில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பார்த்தால், எந்த இடத்தில் பிடிப்பு தளர்ந்திருக்கிறது என்று புலப்படும். என் முதல் பெட்டியை வண்டியில் இடமில்லாததால் படுக்கவைத்துக் கொண்டுவந்து, இறக்கியவுடன் செருகினேன். கம்ப்ரெஸரில் இருக்க வேண்டிய எண்ணெய் குழாய்களுக்குள் போயிருந்தது என்று, அது ஓடாமல் நின்ற பிறகு வந்த மெக்கானிக் விளக்கினார். நிமிர்த்தியே கொண்டுவர வேண்டும். வேறு வழியில்லாமல் சாய்த்தால் நிமிர்த்திவைத்துச் சில மணி நேரம், இயன்றால் ஒரு நாள் முழுவதும் காத்திருந்து பிறகு இயக்க வேண்டும். முன்கதவுச் சலவை இயந்திரத்துக்கும் இதேபோல் ஒரு விதி உண்டு: தொட்டியைப் பின்புறம் பூட்டும் போக்குவரத்து போல்ட்டுகளை மாட்டாமல் நகர்த்தினால் உள்தொட்டி அலைந்து அதன் தாங்கிகள் சேதமாகும்.

குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் உள்ள தகட்டில் எந்த வாயு இருக்கிறது என்று எழுதியிருக்கும். ஆர்-12 என்றால் அது ஓசோன் படலத்தைச் சிதைக்கும் வகை; 1987 இல் கையெழுத்தான மாண்ட்ரீல் உடன்படிக்கையின்படி கைவிடப்பட்டது. ஆர்-600ஏ என்றால் எரியும் தன்மையுள்ள ஐசோபியூட்டேன். இரண்டில் எதுவானாலும் குழாயை வெட்டிக் காற்றில் விடக் கூடாது. வாயுவை முறைப்படி எடுக்கத் தெரிந்தவரிடமே விட வேண்டும். ஓட வைக்க முடியாத பெட்டியை வெளியே வைப்பதற்கு முன் கதவைக் கழற்றிவிடுங்கள். வெளியிலிருந்து மட்டுமே திறக்கக்கூடிய தாழ்ப்பாள் கொண்ட பழைய பெட்டிகளுக்குள் விளையாட்டாக ஒளிந்த குழந்தைகள் மூச்சுத்திணறி இறந்ததால், அமெரிக்காவில் 1956 இல் உள்ளிருந்தும் திறக்கக்கூடிய கதவு வேண்டும் என்று தனிச் சட்டமே இயற்றினார்கள். அதற்கு முந்தைய பெட்டிகள் இன்றும் எங்கெங்கோ கிடக்கின்றன. கதவைக் கழற்றுவதற்கு இரண்டு கீல்களைத் திருகினால் போதும்.

சில பொருள்களை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நான் தொடுவதில்லை. மைக்ரோவேவ் அடுப்பை ஓடும் நிலையில் வாங்கலாம். பழுதானதைத் திறந்து சரிசெய்யும் துணிவு எனக்கு வேண்டாம், ஏனெனில் செருகியை எடுத்த பின்னும் அதன் கெபாசிட்டரில் உயிரைப் பறிக்கும் மின்னூட்டம் தங்கியிருக்கலாம். துணி உறை போட்ட கம்பியுடைய பழைய இஸ்திரிப் பெட்டிகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. இருளில் ஒளிரும் எண்கள் கொண்ட மிகப் பழைய கடிகாரங்களில் சிலவற்றின் பூச்சில் ரேடியம் உண்டு; ஒளி மங்கிப்போனாலும் கதிர்வீச்சு மங்கவில்லை, எனவே கண்ணாடியைத் திறப்பதில்லை. பக்கவாட்டுக் கம்பியைக் கீழிறக்கும் வகைத் தொட்டில்களை 2011 முதல் அமெரிக்காவில் விற்கவே தடை செய்திருக்கிறார்கள். எங்கே இருந்தாலும் அவற்றை ஒரு குழந்தைக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. மெத்தை வைத்த நாற்காலிகளின் தையல் மடிப்புகளை விளக்கடித்துப் பார்க்கிறேன். மூட்டைப்பூச்சியின் கரும்புள்ளிகள் தெரிந்தால் வாசலோடு திரும்பிவிடுகிறேன். அவை இரையின்றி மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். மரச்சாமான்களின் அடியில் புதிய மரத்தூள் கொட்டியிருந்தால் மரத்தைத் துளைக்கும் பூச்சி இன்னும் உள்ளே வேலை செய்கிறது என்று பொருள்.

வாங்குவதைவிட, கொடுப்பதற்குத்தான் எனக்கு அதிக நேரம் ஆகிறது. தொடக்கத்தில், கேட்ட முதல் ஆளுக்குக் கொடுத்துவிடுவேன். அப்படிக் கொடுத்த ஒரு கால்மிதித் தையல் இயந்திரத்தின் வார்ப்பிரும்புக் கால்கள் சில மாதங்களில் அலங்கார மேசையாகிவிட்டன. தலை எங்கே போனது என்று கேட்டதற்குத் தெளிவான விடை கிடைக்கவில்லை. மேசையாக்குவதே தவறு என்று நான் சொல்லவில்லை. தலை உடைந்து, பாகங்களுக்காகப் பிரித்த பின் மீதமான கால்களை நானே அப்படிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் ஓடும் இயந்திரத்தைத் தேடி ஒருவர் காத்திருக்கும்போது அதைப் பிரிப்பது நியாயமன்று. எனவே இப்போது கேட்கிறவரிடம் மூன்று விஷயங்களை விசாரிக்கிறேன்: என்ன தைக்கப் போகிறீர்கள், எங்கே வைக்கப் போகிறீர்கள், மின்மோட்டார் வேண்டுமா அல்லது கையால் சுழற்றுவதா. கனமான துணி தைக்கிறவருக்கு 201 பொருந்தும். அடுக்கக வீட்டில் இடமில்லாதவருக்குச் சிறிய 99 போதும். மெதுவாகக் கற்க விரும்பும் சிறுவருக்குக் கைச்சக்கரம் தவிர வேறொன்றையும் நான் கொடுப்பதில்லை, ஏனெனில் சக்கரத்தைச் சுழற்றுவதை நிறுத்தினால் ஊசியும் நின்றுவிடும்.

பொருளோடு ஒரு சீட்டையும் கொடுக்கிறேன். மாதிரி எண், தொடர் எண், ஊசி வகை, பாபின் வகை, எண்ணெய் விட வேண்டிய இடங்கள், நான் மாற்றிய பாகங்கள், இன்னும் தீராத குறைகள் ஆகிய அனைத்தையும் அதில் எழுதுகிறேன். அழுத்துகாலின் கீழே அந்த இயந்திரத்திலேயே தைத்த ஒரு துணித்துண்டை மாட்டிவைக்கிறேன். வாங்குகிறவர் தம் வீட்டில் முதல் தையல் போட்டுப் பார்க்கும்போது, சரியாக இருந்த தையல் எப்படி இருந்தது என்பதற்கு அது சான்றாக இருக்கும். குறையை எழுதினால் யாரும் வாங்கமாட்டார்கள் என்று ஒரு நண்பர் சொன்னார். என் அனுபவம் நேர்மாறானது. பின்னோக்கித் தைக்காது, உயரமான துணிக்கு அழுத்துகால் போதிய அளவு எழாது என்று எழுதியதைப் படித்துவிட்டு, தனக்கு அது ஒரு பொருட்டல்ல என்று எடுத்துச் செல்கிறவர்கள் திருப்பிக் கொண்டுவருவதில்லை. வீட்டில் ஒரே நேரத்தில் நான்கு இயந்திரங்களுக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை என்ற வரம்பும் உண்டு. ஐந்தாவதைக் கொண்டுவர வேண்டுமானால் ஒன்று முதலில் வெளியேற வேண்டும். அது இல்லாவிட்டால், காப்பாற்றுவதாக எண்ணிக்கொண்டு எல்லாவற்றையும் என் வீட்டிலேயே துருப்பிடிக்க விட்டிருப்பேன்.

மூலை உடைந்த அந்தக் கைத்தையல் இயந்திரத்தின் துண்டை எப்பாக்சி பசையால் ஒட்டினேன். ஒட்டிய இடம் எடையைத் தாங்காது என்பதால் புதிய அடிப்பலகை செய்து, அந்த மூலைக்கு அடியில் ஒரு மரத்துண்டு வைத்தேன். சீட்டில் முதல் வரியாக எழுதியது: "அடித்தட்டின் இடது மூலை உடைந்து ஒட்டப்பட்டுள்ளது, உடைத்தது நான், கைப்பிடியைப் பிடித்துத் தூக்க வேண்டாம்." அந்தப் பெண்மணியிடமும் நேரில் சென்று சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தைக்குதா?" என்று மட்டும் கேட்டார். தைக்கிறது என்றேன். தையல் கற்கத் தொடங்கியிருந்த ஓர் இளம்பெண், சீட்டின் முதல் வரியைப் படித்த பிறகும் அதையே வேண்டும் என்று எடுத்துச் சென்றாள். ஓராண்டு கழித்து அந்தச் சீட்டின் படத்தை எனக்கு அனுப்பினாள். கீழே அவள் கையெழுத்தில் இரண்டு வரிகள் கூடியிருந்தன: "பாபின் சுற்றும் ரப்பர் வளையம் மாற்றியாயிற்று. முகத்தகட்டுக்குப் பின்னாலும் ஓர் எண்ணெய்த் துளை இருக்கிறது, சீட்டில் விட்டுப்போயிருந்தது."